நியூயார்க்கில் பர்கர்: தடித்ததா, நசுக்கியதா?

நியூயார்க் நகரில் நல்ல பர்கர் எங்கே கிடைக்கும் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, இறைச்சி எந்த அளவுக்கு வெந்திருந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதுதான். விலை, வரிசை, அலங்காரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த நகரத்தின் பேர்பெற்ற பர்கர் கடைகளில் பெரும்பாலானவற்றை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடலாம். தடித்த இறைச்சி வட்டை, நடுவில் சிவப்பு மாறாத பதத்தில் சுட்டுத் தரும் பழைய மதுக்கூடங்களும் ஸ்டேக் உணவகங்களும் ஒரு கட்சி. இறைச்சி உருண்டையைச் சூடான இரும்புக் கல்லில் வைத்து நசுக்கி, ஓரங்கள் மொறுமொறுவென்று ஆகும்வரை வேகவிடும் சிறு கடைகள் மற்றொரு கட்சி. இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு தீராதது. ஆனால் யாருக்கு எது ஏற்றது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட முடியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் போய் உட்காருகிறவர்கள்தான் ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று எழுந்து வருகிறார்கள்.

தடித்த கட்சியின் சிறந்த பிரதிநிதி, மன்ஹாட்டனின் மேல் கிழக்குப் பகுதியில், மூன்றாம் அவென்யூவும் 74ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் 1972 முதல் இருந்துவரும் ஜே.ஜி. மெலன் என்ற மதுக்கூடம். சுவரெங்கும் தர்பூசணிப் படங்கள், நெருக்கமாகப் போட்ட சிறு மேசைகள், இரைச்சல், நெடுங்காலம் ரொக்கம் மட்டுமே வாங்கிய கல்லா என்று எதிலும் ஆடம்பரம் இல்லாத இடம். சிறிய தட்டில் பர்கர் வரும். பக்கத்தில் ஊறுவெள்ளரித் துண்டுகளும் சிவப்பு வெங்காய வளையங்களும் இருக்கும், அவ்வளவுதான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் வேலைப்பாடு புரியும்: வெளிப்புறத்தில் கல்லில் பட்ட கரும்பழுப்புப் பொருக்கு, அதற்குள் மெல்லிய சாம்பல் வளையம், நடுவில் ரோஜா நிறத்தில் ஈரம் மாறாத இறைச்சி. இறைச்சியை அமுக்கிப் பிசையாமல் தளர்வாகப் பிடித்திருப்பதால் கடித்தவுடன் உதிர்கிறது. சாறு பன்னில் இறங்குகிறது. பன் எந்தச் சுவையையும் மறைக்காமல் ஒதுங்கி நிற்கிறது. சாஸ் எதுவும் ஊற்றாமல் இறைச்சியின் சுவையை மட்டும் நம்பி நிற்கும் பர்கர் இது.

இதே மூன்றாம் அவென்யூவில் தெற்கே இறங்கி 55ஆம் தெருவுக்கு வந்தால் பி.ஜே. கிளார்க்ஸ் இருக்கிறது. 1884இல் தொடங்கிய இந்த மதுக்கூடம், முதுகுக்குப் பின்னால் எழுந்த அலுவலகக் கோபுரத்துக்கு இடம் கொடுக்க மறுத்து நின்ற சிறிய செங்கல் கட்டடத்தில் நடக்கிறது. அந்தக் கட்டடத்துக்காகவே ஒருமுறை போகலாம். பர்கரை மட்டும் வைத்து மதிப்பிட்டால் மெலனுக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். வெஸ்ட் வில்லேஜில் ஜேன் தெரு முனையில் இருக்கும் கார்னர் பிஸ்ட்ரோவின் வழி வேறு. அங்கே வட்டைக் கல்லில் போடாமல் மேலிருந்து அனல் இறங்கும் அடுப்பில் சுடுகிறார்கள். பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சி, சீஸ், வெங்காயம், தக்காளி, லெட்யூஸ் எல்லாம் அடுக்கிக் காகிதத் தட்டில் தரும் அந்த அரை பவுண்டு பர்கர் வயிற்றை நிறைக்கும். ஆனால் கல்லில் வெந்த பொருக்கின் சுவை அதில் குறைவு என்பது என் கணிப்பு.

தடித்த பர்கரிலேயே செலவு மிகுந்த கிளை ஒன்று உண்டு. வாரக்கணக்கில் குளிர் அறையில் தொங்கவிட்டு ஈரம் வற்றவைத்த மாட்டிறைச்சியைக் கொண்டு செய்வது அது. புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் 1887இல் தொடங்கிய பீட்டர் லூகர் ஸ்டேக் உணவகம், ஸ்டேக் அறுக்கும்போது மிஞ்சும் பக்குவப்படுத்திய துண்டுகளைச் சேர்த்து அரைத்து மதிய வேளையில் மட்டும் பர்கராகத் தருகிறது. மாலை போனால் கிடைக்காது. அதே பக்குவத்தைத் தனிச்சிறப்பாக உயர்த்தியது மக்டூகல் தெருவின் மினெட்டா டேவர்ன். 1937ஆம் ஆண்டின் அந்தப் பழைய உணவகத்தைக் கீத் மெக்னாலி 2009இல் புதுப்பித்துத் திறந்தபோது, பாட் லாஃப்ரீடா இறைச்சி நிறுவனம் அதற்கென்றே கலந்து கொடுத்த ‘பிளாக் லேபிள்’ பர்கரை 26 டாலருக்கு விற்றார். இன்று விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. மேலே பொன்னிறத்துக்கு வதக்கிய வெங்காயம் தவிர வேறொன்றும் இல்லை. பக்குவப்படுத்திய இறைச்சிக்கு ஒரு புளித்த, கொட்டைப் பருப்பை நினைவூட்டும் வாடை உண்டு; அது பழகியவர்களுக்கு இந்தப் பர்கர் ஈடற்றது, பழகாதவர்களுக்கு ‘ஏதோ கெட்டுப்போன மாதிரி’ என்று தோன்றக்கூடியது. முதல்முறை பர்கர் சாப்பிடுகிறவரை நான் அங்கே அழைத்துப் போகமாட்டேன்.

இங்கேதான் வேக்காட்டுக் கேள்வி வருகிறது. இந்த உணவகங்களில் பரிமாறுபவர் முதலில் கேட்பது பதத்தைத்தான், நடுப்பகுதி சிவந்தே இருக்கும் ‘மீடியம் ரேர்’ என்பதுதான் அங்கே பலரும் சொல்லும் விடை. நம்மவர்களில் பெரும்பாலோர் இறைச்சி முழுக்க வெந்திருக்க வேண்டும் என்று பழகியவர்கள். சிவந்த நடுப்பகுதி பலருக்கு ஒவ்வாது, அந்தத் தயக்கத்துக்கு உடல்நலக் காரணமும் உண்டு. துண்டாக இருக்கும் ஸ்டேக்கில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்த இறைச்சியில் அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை அரைத்த மாட்டிறைச்சியை 71 டிகிரி செல்சியஸ் உள்வெப்பம் வரும்வரை வேகவைக்கச் சொல்கிறது. குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் தடித்த பர்கரை ‘வெல் டன்’, அதாவது முழுக்க வெந்ததாக, கேட்டு வாங்கினால், கொழுப்பும் ஈரமும் வடிந்து, மென்று மாளாத இறைச்சிதான் வந்து சேரும். மெலனிலும் மினெட்டாவிலும் பணத்தைக் கொட்டிவிட்டு ஏமாந்ததாகச் சொல்லும் தமிழ் நண்பர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் அவர்கள் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். கடையின் மேலும் பிழையில்லை, அவர்கள் மேலும் பிழையில்லை. அந்தப் பர்கர் அவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது அல்ல.

நசுக்கிய பர்கர் முழுக்க வெந்தும் சுவை குன்றாதபடி அமைந்தது. நூற்றுக்கு இருபது பங்கு கொழுப்புள்ள இறைச்சியை உருண்டையாகப் பிடித்து, கொழுப்பு இளகும் முன்பே, கல்லில் வைத்த முதல் சில நொடிகளில் கரண்டியால் ஓங்கி அழுத்திவிட வேண்டும். தாமதமாக அழுத்தினால் உருகிய கொழுப்பு பிதுங்கி வெளியேறிவிடும். மெலிந்து பரந்த வட்டின் அடிப்பரப்பு முழுவதும் கல்லோடு ஒட்டுவதால், இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடிப் பழுப்பேறும் மெய்லார்டு வினை எல்லா இடத்திலும் நடக்கிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் வேலை முடிகிறது. நடுப்பகுதியின் ஈரத்தை இழந்தாலும், அதற்கு ஈடாக ஓரத்தின் மொறுமொறுப்பைப் பெறுகிறோம்.

இந்த வகையை உலகறியச் செய்தது ஷேக் ஷாக். 2001இல் மேடிசன் சதுக்கப் பூங்காவில், கலைக் காட்சி ஒன்றுக்குத் துணையாக ஹாட் டாக் தள்ளுவண்டியாகத் தொடங்கி, 2004இல் அதே பூங்காவில் நிலையான கடையானது. உணவக உரிமையாளர் டேனி மேயரின் குழு நடத்திய அந்த ஒரு கடைக்கு நின்ற வரிசையின் நீளத்தை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு கேமராவையும் வைத்தார்கள். 2015இல் பங்குச் சந்தைக்கும் போன அது, இன்று பல நாடுகளில் கிளை விரித்துவிட்டது. மார்ட்டின்ஸ் உருளைக்கிழங்கு பன்னின் லேசான இனிப்பும், நன்றாக உருகிய சீஸும், அவர்களுடைய சாஸும் சேர்ந்த அந்தப் பர்கரில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆயினும் நியூயார்க்குக்கு வந்து இறங்கிய ஒருவர் ஒரு வேளைச் சாப்பாட்டை அதற்குச் செலவிடுவதானால், அந்தப் பூங்காக் கடையில், மரநிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக மட்டுமே செலவிடலாம். பர்கருக்காக என்றால் அதைவிட நல்லது நகருக்குள்ளேயே இருக்கிறது.

அது மக்டூகல் தெருவில், ஹூஸ்டன் தெரு முனைக்கு அருகே, ஜார்ஜ் மோட்ஸ் 2023இன் இறுதியில் திறந்த ஹம்பர்கர் அமெரிக்கா. அமெரிக்காவின் வட்டாரப் பர்கர்களைத் தேடித் தொகுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட அவர், ஓக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோ ஊரின் வெங்காயப் பர்கரை அங்கே செய்கிறார். இறைச்சி விலை கட்டுப்படியாகாத காலத்தில் அளவைக் கூட்டுவதற்காக வெங்காயத்தைச் சேர்த்த ஏழை ஊர்ப் பக்குவம் அது. முக்காலியில் கல்லுக்கு எதிரே இடம் கிடைத்தால் முழுச் செய்முறையையும் பார்க்கலாம். இறைச்சி உருண்டையின் மேல் இழை இழையாகச் சீவிய வெங்காயத்தைக் குவித்து, இரண்டையும் சேர்த்து அழுத்துகிறார்கள். வெங்காயம் இறைச்சிக்குள் புதைகிறது. புரட்டியதும் அது அடியில் போய்க் கொழுப்பிலேயே வதங்கிக் கருகலும் இனிப்புமாக மாறுகிறது. மேலே சீஸ், அதன்மேல் பன்னை வைத்து ஆவியில் மிருதுவாக விடுகிறார்கள். வெங்காய ஊத்தப்பத்தைத் திருப்பிப் போட்டதும் எழும் அதே மணம் அங்கே எழுகிறது. நம் நாக்குக்கு இந்தப் பர்கர் உடனே பிடித்துப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கிழக்கு வில்லேஜில் தொடங்கிய செவன்த் ஸ்ட்ரீட் பர்கரும் நசுக்கும் வகைதான். இரவு நேரத்துக்கும் விரைவுக்கும் நன்று.

மெலனையும் ஹம்பர்கர் அமெரிக்காவையும் நேருக்கு நேர் வைத்தால் என் தீர்ப்பு இது. மீடியம் ரேர் இறைச்சியை விரும்பி உண்பவருக்கு மெலன். அந்தச் சாறு வேறெங்கும் அந்த அளவுக்குக் கிடைக்காது. முழுக்க வெந்ததைக் கேட்பவர், குழந்தைகளோடு வருபவர், கையைக் கடிக்காமல் சாப்பிட நினைப்பவர் ஆகிய அனைவருக்கும் மக்டூகல் தெருக் கடைதான். செலவில் உள்ள வேறுபாடு பட்டியலில் பார்ப்பதைவிடப் பெரியது. நகரத்தின் விற்பனை வரி 8.875 சதவீதம். அதோடு மேசையில் வந்து பரிமாறும் இடங்களில் 18 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் வைப்பது எழுதாத சட்டம். 20 டாலர் என்று போட்டிருக்கும் பர்கர், வரியும் 20 சதவீத டிப்ஸும் சேர்ந்து, எழுந்து வரும்போது ஏறத்தாழ 25 டாலர் 78 காசு ஆகிவிடும். கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் கடையில் டிப்ஸ் உங்கள் விருப்பம்.

உருளைக்கிழங்கு வறுவலைப் பொறுத்தவரை, வட்டமாக அறுத்துப் பொரித்த மெலனின் ‘காட்டேஜ் ஃப்ரைஸ்’ சூடு ஆறும்வரை அருமை; ஆறியபின் தொடவே தோன்றாது.

மாட்டிறைச்சியோ எந்த இறைச்சியோ உண்ணாதவர்களுக்கு, இறைச்சிக் கடையின் பட்டியலில் கடைசி வரியாக இருக்கும் சைவப் பர்கரை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. ஷேக் ஷாக்கின் காளான் பர்கர் அதற்கு விதிவிலக்கு: பெரிய போர்ட்டபெல்லோ காளானுக்குள் சீஸ் வைத்துப் பொரித்தது, கடித்தால் சுடச்சுட வழியும். தாவரப் புரதத்தில் செய்த இம்பாசிபிள் பர்கர் 2016இல் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததும் இதே நியூயார்க்கில், டேவிட் சாங்கின் உணவகத்தில்தான். ஆனால் இறைச்சியைப் போலவே ருசிக்க வேண்டும் என்ற அதன் நோக்கம், பிறவியிலிருந்தே சைவமாக இருப்பவருக்கு எந்த வகையிலும் உதவாது. அப்படிப்பட்டவர் போக வேண்டிய இடம் அவென்யூ ஏ-யில் உள்ள சுப்பீரியாரிட்டி பர்கர். உயர்தர உணவகமொன்றில் இனிப்புத் தயாரிப்புக்குப் பொறுப்பாக இருந்த புரூக்ஸ் ஹெட்லி 2015இல் சிறு கடையாகத் தொடங்கி, 2023இல் ஒடெஸ்ஸா என்ற பழைய உணவகத்தின் இடத்துக்கு மாறினார். கீன்வா, கொண்டைக்கடலை, வால்நட், வறுத்துப் பொடித்த சோம்பு ஆகியவை சேர்ந்த அந்த வட்டு இறைச்சியாக நடிப்பதில்லை. முழுக் கடையிலும் இறைச்சி கிடையாது என்பதால், இதே கல்லில்தான் மாட்டிறைச்சியும் வெந்ததா என்று பரிமாறுபவரிடம் விசாரிக்கும் சங்கடமும் இல்லை.

மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்களுக்குப் பர்கரை விட்டு வெளியே வருவதுதான் நல்லது. 53ஆம் தெருவும் ஆறாம் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், எகிப்தியர்கள் 1990இல் ஹாட் டாக் வண்டியாகத் தொடங்கிய ஹலால் கைஸ், கோழியும் மஞ்சள் சோறும் வெள்ளைச் சாஸுமாகத் தரும் தட்டு ஒருவருக்கு மிகுதி. சிவப்புச் சாஸ் நம் காரத்தையும் மிஞ்சும். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்ள வேண்டும். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் தெற்கு ஓரத்தில் இலங்கைத் தமிழரான திரு குமார் 2001 முதல் நடத்திப் பேர்பெற்ற என்.ஒய். தோசாஸ் தள்ளுவண்டியில் எல்லாமே பால், நெய் சேராத தாவர உணவு. 2007இல் நகரத்தின் தெருவோர உணவு வண்டிகளுக்கான வெண்டி விருதை வென்றது.

பலவகைப் பழக்கமுள்ள குழு ஒன்று சேர்ந்து போகும்போது இந்தப் பூங்கா ஓரத்தின் அருமை தெரியும். பூங்காவிலிருந்து மக்டூகல் தெருவில் தெற்கே நடந்தால் முதலில் மினெட்டா, சிறிது தூரத்தில் ஹூஸ்டன் தெருவைத் தாண்டியதும் ஹம்பர்கர் அமெரிக்கா. வெங்காயப் பர்கரை வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, தோசை வாங்கியவர்களோடு பூங்கா பெஞ்சிலேயே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்குப் பகல் வேளையில் போக வேண்டும். பர்கர் ஆறிவிடாமலிருக்க, தோசைக்கான வரிசையில் முதலில் நின்றுவிடுவது நல்லது.