குழுவாக ஆய்வு செய்ய எது தோது: ஜோட்டேரோவா, நோஷனா?

நான்கு பேர் சேர்ந்து ஆய்வு செய்யும் இடத்தில் ஒருவர் ஒரு கட்டுரைக்கு 'நாட்டார் வழக்காறு' என்று குறிச்சொல் (tag, பின்னர் தேடி எடுக்க ஒட்டிவைக்கும் சொல்) இடுவார், இன்னொருவர் 'நாட்டுப்புறவியல்' என்பார், மூன்றாமவர் 'வாய்மொழி மரபு' என்று எழுதிவைப்பார். சில மாதங்களிலேயே ஒரே பொருள் மூன்று இடங்களில் சிதறிவிடும். குறிச்சொல் இடுவது எல்லா மென்பொருளிலும் எளிதுதான். இட்டதைத் திருத்தப் போகும்போதுதான் மென்பொருளின் தரம் தெரியும்.

இதில் ஜோட்டேரோவுக்கே என் வாக்கு. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைக்க ஆய்வாளர்களுக்கென்றே வெளிவந்த இலவச மென்பொருள் இது. குழு நூலகத்தில் ஒரு குறிச்சொல்லை வலது கிளிக் செய்து பெயரை மாற்றினால், அந்த நூலகம் முழுவதும் மாறிவிடுகிறது. ஏற்கெனவே இருக்கும் பெயரையே கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மேலே சொன்ன மூன்று சொற்களையும் ஒரு நிமிடத்தில் இணைத்துவிடலாம். ஒன்பது குறிச்சொற்கள் வரை நிறம் கொடுத்து, 1 முதல் 9 வரையிலான எண் விசைகளாலேயே இடவும் முடியும்.

ஒரு தொல்லை உண்டு. இணையத் தரவுத்தளத்திலிருந்து கட்டுரையைச் சேர்த்தால் அங்குள்ள திறவுச்சொற்களும் தாமாக வந்து குவியும். அமைப்புகளில் இதை நிறுத்திவிடலாம். ஆனால் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் நிறுத்த வேண்டும். முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

நோஷன் என்பது குறிப்புகளையும் அட்டவணைகளையும் பலர் சேர்ந்து எழுதிவைக்கும் செயலி. அதில் குறிச்சொல் என்பது அட்டவணையின் ஒரு பத்தி (column). புதிய சொல்லைத் தட்டினாலே அது பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. அந்தத் தாராளமே குழுவுக்கு வினையாகிறது. இதற்கு மாற்றாக, குறிச்சொற்களுக்கென்று தனி அட்டவணை அமைத்து, தரவு அட்டவணையோடு தொடர்புப் பத்தியால் (relation) இணைக்கலாம். அப்போது ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒரு பக்கம் கிடைக்கும். எதை அதில் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று அங்கேயே எழுதிவைக்கலாம். களஆய்வு நேர்காணல்களைப் பகுத்துப் படிப்பவர்களுக்கு இந்த வசதி பெரும் வரம். ஜோட்டேரோவின் குறிச்சொல்லுக்கு இப்படி விளக்கம் எழுத இடமில்லை. ஆகவே நேர்காணல்தான் முதன்மைத் தரவு என்றால் நோஷனைத் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.

தமிழில் குறிச்சொல் இடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'ஔவையார்' என்பதை ஔகாரத்தால் எழுதுவதற்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுபவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. எந்த மென்பொருளானாலும், குறிச்சொல் பட்டியலை மாதம் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்த குழுவில் ஒருவரைப் பொறுப்பாக்குவது நல்லது.

அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் மென்பொருளில் சாய்கோடு இட்டுக் குறிச்சொல்லுக்குள் குறிச்சொல் அமைக்கலாம் என்பது அழகான வசதி. ஆனால் அது தனியாகக் குறிப்பெடுப்பவருக்கே பொருந்தும்.