உறுப்பினர் பக்கத்தில் கூடுதல் விவரங்கள்: படிபிரஸா, ஏ.சி.எஃப்-ஆ?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழர்களுக்காக நாங்கள் நடத்தும் சங்கத்தின் இணையதளம், தளங்களை உருவாக்கி நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. பெயரும் படமும் மட்டும் இருக்கும் உறுப்பினர் பக்கத்தால் எங்களுக்குப் பெரிய பயன் இல்லை. வீட்டுப் பெயர், பஞ்சாயத்து, தொழில், ரத்தப் பிரிவு, கைபேசி எண் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் புலங்கள், அதாவது விவரம் நிரப்பும் கட்டங்கள், தேவைப்பட்டன. வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்களைச் செருகுநிரல் என்பார்கள். உறுப்பினர் சமூகத் தளம் அமைக்க உதவும் படிபிரஸ் செருகுநிரலில் உள்ள விரிவான சுயவிவர வசதி, கூடுதல் புலங்கள் சேர்ப்பதற்கென்றே உள்ள ஏ.சி.எஃப் எனப்படும் அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் செருகுநிரல் என்ற இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, படிபிரஸைத் தேர்ந்தெடுத்தோம். உறுப்பினர்கள் தாங்களே விவரங்களை நிரப்பும் எந்தத் தளத்துக்கும் அதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

எளிய விஷயங்களில் இரண்டுக்கும் வேறுபாடு அதிகம் இல்லை. இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் உள்ளிட்டால் தமிழிலேயே காட்டுகின்றன. உரை, தேதி, தேர்வுப் பட்டியல் போன்ற வழக்கமான புல வகைகள் இரண்டிலும் உண்டு. புலங்களின் வகையைப் பார்த்தால் ஏ.சி.எஃப் ஒரு படி மேலே நிற்கிறது. படம், கோப்பு, ஒரு புலத்தின் விடையைப் பொறுத்து அடுத்த புலம் தோன்றுவது ஆகியவை அதில் எளிது. ஒரே தொகுப்பை வேண்டிய தடவை திரும்ப நிரப்பும் வசதி கட்டணப் பதிப்பில் இருக்கிறது. விவரங்கள் வேர்ட்பிரஸின் பயனர் கூடுதல் விவர அட்டவணையிலேயே (யூசர்மெட்டா) சேமிக்கப்படுவதால், மற்றச் செருகுநிரல்களும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம். படிபிரஸ் தனக்கெனத் தனி அட்டவணைகளை வைத்துக்கொள்கிறது.

முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் அல்ல. ஒரு விவரத்தை யார் பார்க்கலாம் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்விதான் தீர்மானித்தது. எங்கள் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், விவரங்களைச் சேகரிக்கப் போனபோதே, “என்ற நம்பரை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாங்க தம்பி, நம்ம சங்கத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்” என்று சொல்லிவிட்டார். தேங்காய் வியாபாரம் செய்யும் இன்னொருவரோ தம் எண் எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனை நல்லது என்றார். ஒரே புலம், இரண்டு விருப்பங்கள், இரண்டுமே நியாயமானவை. நிர்வாகி எல்லோருக்கும் ஒரே விதியை வைத்தால் இருவரில் ஒருவருக்குக் குறை ஏற்படும்.

படிபிரஸில் 2012-இல் வெளிவந்த 1.6 பதிப்பு முதல் இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு புலத்தையும் எல்லோரும் பார்க்கலாமா, உள்நுழைந்த உறுப்பினர்கள் மட்டுமா, நண்பர்கள் மட்டுமா, தாம் மட்டுமா என்பதை உறுப்பினரே தம் பக்கத்தில் அமைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் என்ற நிலை மட்டும் நட்பு வசதி இயக்கப்பட்டிருந்தால்தான் தோன்றும். தொடக்க நிலை எது, அதை உறுப்பினர் மாற்றலாமா என்பதை நிர்வாகி புலம் வாரியாக வரையறுக்கலாம். நாங்கள் கைபேசி எண்ணை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, மாற்றும் உரிமையை அவரவரிடம் விட்டோம். பஞ்சாயத்துப் புலத்தை எல்லோருக்கும் தெரியும்படி நிலைநிறுத்தினோம். ஏ.சி.எஃப்-இல் இப்படி ஓர் ஏற்பாடு இயல்பாக இல்லை. ஒவ்வொரு புலத்துக்கும் துணையாக இன்னொரு புலம் வைத்து, உறுப்பினர்கள் நிரப்பும் படிவத்தையும் தனியாக அமைத்து, காட்டும் இடங்களிலெல்லாம் நிபந்தனை எழுதிச் செய்யலாம்தான். ஆனால் அந்த நிரலை எழுதியவர் வேலைக்காக வளைகுடாவுக்குப் போய்விட்டால் பிறகு அதைத் தொடுவதற்கு ஆள் கிடைக்காது. எங்களைப் போன்ற சிறு சங்கங்களுக்கு இது கற்பனையான கவலை அல்ல.

படிபிரஸைத் தேர்ந்தெடுப்போர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுயவிவரத் தாவலில் புலங்கள் தாமாகவே வரிசையாகத் தோன்றும். அங்கே உறுப்பினர் வைத்த கட்டுப்பாடும் மதிக்கப்படும். ஆனால் ரத்தப் பிரிவையோ கைபேசி எண்ணையோ பக்கத்தின் தலைப்பகுதியில், பெயருக்குக் கீழேயே காட்ட விரும்பும்போது, இணையத்தில் கிடைக்கும் நிரல் துணுக்குகள் பலவும் எக்ஸ்-புரொஃபைல் கெட் ஃபீல்டு டேட்டா என்ற செயற்கூறையே (ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் பகுதி) பயன்படுத்துகின்றன. அது சேமித்த விவரத்தை அப்படியே எடுத்துக் கொடுக்குமே தவிர, பார்ப்பவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டா என்று சோதிப்பதில்லை. தாம் மட்டும் பார்க்கலாம் என்று ஒருவர் பூட்டி வைத்த எண் தலைப்பகுதியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க, அந்த உறுப்பினரின் பக்கத்தில் பார்வையாளருக்கு மறைக்கப்பட்ட புலங்களின் பட்டியலைத் தரும் செயற்கூறைப் படிபிரஸே வைத்திருக்கிறது; அந்தப் பட்டியலில் புலத்தின் அடையாள எண் இல்லாவிட்டால் மட்டும் அச்சிடும்படி ஒரு நிபந்தனை எழுதினால் போதும். நிரலில் புலத்தைப் பெயரால் அழைக்காமல் அடையாள எண்ணால் அழைப்பதும் நல்லது. ‘ரத்தப் பிரிவு’ என்பதை யாராவது ‘இரத்த வகை’ என்று திருத்தினால், பெயரால் அழைத்த இடம் வெறுமையாகிவிடும். பக்க அமைப்பைத் தரும் டெம்ப்ளேட் கோப்பை நகலெடுத்து அதில் இந்தத் துணுக்கைச் சேர்ப்பதைவிட, தலைப்பகுதிக்கென உள்ள ஹூக்கில் (நம் நிரலைச் சேர்க்கப் படிபிரஸ் விட்டுவைத்த இடம்) இணைப்பதே பராமரிப்புக்கு எளிது. படிபிரஸ் புதுப்பிக்கப்பட்டாலும் நகலெடுத்த கோப்பு பழைய பதிப்பாகவே தங்கிவிடும்.

எங்களுக்கு மிகவும் பயன்பட்ட இன்னொரு வசதி, புலத்தின் மதிப்பைத் தானாகவே இணைப்பாக்குவது. ஓ நெகட்டிவ் என்பதைத் தொட்டால் அதே பிரிவினர் பட்டியலாக வருவார்கள். வேலந்தாவளம் தாண்டிக் கோவை மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு ரத்தத்துக்கு ஆள் தேடும் குடும்பத்துக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இத்தகைய புலங்களைத் தேர்வுப் பட்டியலாகவே அமைக்க வேண்டும். கையால் எழுதவிட்டால் வடகரப்பதியும் எருத்தேன்பதியும் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டு, ஒரே ஊரார் பல பட்டியல்களாகப் பிரிந்துவிடுவார்கள்.

நீண்டகால நிலைப்பைப் பொறுத்தவரை, ஏ.சி.எஃப் பற்றி ஒரு செய்தியை நினைவில் வைக்கலாம். வேர்ட்பிரஸ் தரப்புக்கும் ஏ.சி.எஃப்-இன் உரிமையாளரான டபிள்யூ.பி. எஞ்சின் நிறுவனத்துக்கும் எழுந்த தகராறில், 2024 அக்டோபரில் வேர்ட்பிரஸ் தளத்தின் செருகுநிரல் பட்டியலில் அதன் இடம் வேறு பெயருக்கு மாற்றப்பட்டு, டிசம்பரில் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு திரும்பியது. அதனால் அது தரம் குறைந்த கருவி ஆகிவிடாது. நிர்வாகியே நிரப்பி எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டும் நிர்வாகக் குழுப் பட்டியல் போன்ற பக்கத்துக்கு இன்றும் நான் ஏ.சி.எஃப்-ஐயே பரிந்துரைப்பேன், அதற்குப் படிபிரஸ் தேவைக்கு மிஞ்சிய சுமை. எங்கள் சங்கம் சிறியது என்பதால், பல்லாயிரம் உறுப்பினர்கள் உள்ள தளத்தில் இவற்றின் வேகம் பற்றி என் அனுபவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எந்த வழியில் போனாலும், உறுப்பினர்களுக்கு அறிவிப்பதற்கு முன் பக்கத்தை உள்நுழையாமல் ஒரு முறையும், சாதாரண உறுப்பினர் கணக்கில் ஒரு முறையும் திறந்து பாருங்கள். நிர்வாகியாக மட்டும் பார்த்தால் போதாது. படிபிரஸில் நிர்வாகிக்கு மறைத்த புலங்களும் தெரியும் என்பதால், கசிவு இருந்தாலும் அந்தக் கணக்கில் அது கண்ணில் படாது.