கோட்டையா, கொள்ளுப்பிட்டியா: ஹில்டனும் சினமன் கிராண்டும்

யாழ்ப்பாணத்திலிருந்து கொம்பனி அலுவலாகக் கொழும்புக்கு வருபவர் முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகையை அல்ல, கூட்டம் எங்கே என்பதைத்தான். உலக வர்த்தக மையத்திலோ மத்திய வங்கிப் பக்கமோ என்றால் ஹில்டன்தான். 1987இல் திறந்த ஹோட்டல். வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் பக்கத்திலேயே. ரயிலில் வந்து கோட்டையில் இறங்கினாலும் ஓட்டோவில் கொஞ்சத் தூரம்தான். காலை எட்டரைக்குக் காலி வீதி நெரிசலில், ஓட்டோவுக்குள் டையோடு வேர்த்துக்கொண்டு, மடியில் ஃபைலை வைத்து மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தவனுக்குத்தான் நடந்தே போகக்கூடிய கூட்டத்தின் அருமை தெரியும்.

சினமன் கிராண்ட் கொள்ளுப்பிட்டியில், அலரி மாளிகைக்குக் கிட்ட. ஜோன் கீல்ஸ் குழுமத்தின் உள்ளூர்ச் சங்கிலி. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வேலையோ சொந்தக்காரரோ இருந்தால் இதுதான் வசதி. வெளிநாட்டு வாடிக்கையாளரை இரவுச் சாப்பாட்டுக்கு அழைப்பதென்றாலும் என் தெரிவு இதுவே: வளவுக்குள் பெரிய ஆலமரத்தடியில் ‘நுக கம’ என்ற கிராமத்துப் பாணி உணவகம் இருக்கிறது. மண்சட்டிக் கறியைப் போட்டுச் சாப்பிட்டபடி அங்கே மனம்விட்டுப் பேசுவதுபோல கூட்ட அறையில் யாரும் பேசமாட்டார்கள்.

ஒரு இரவுக்கு ஹில்டன், மூன்று நாளென்றால் சினமன் என்பேன். எங்கே பதிந்தாலும், சொல்லும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா என்று முதலே கேளுங்கள். ‘பிளஸ் பிளஸ்’ என்றால் இரண்டும் புறம்பு; பில் நன்றாகவே ஏறும்.