ஃப்ளுவாக்ஸடினா, எஸ்சிட்டலோப்ராமா, அமிட்ரிப்டிலினா? எங்கள் வீட்டு மருந்து டப்பாவிலிருந்து ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்தில், பல வீடுகளில் மருந்து இருக்கும் இடம் பழைய ஐஸ்கிரீம் டப்பாதான். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, முழங்கால் வலிக்கு என்று எல்லாம் அதற்குள் கிடக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், விருந்தாளி கண்ணில் படாதபடி, இன்னும் ஓர் அட்டை இருக்கும். கேட்டால் "நரம்புக்கு" என்பார்கள். மனச்சோர்வு என்ற சொல்லை எங்கள் பெரியவர்கள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

மனச்சோர்வு மருந்துகளான அந்த அடி அட்டைகளைத்தான் இங்கே எடுத்துப் பக்கம் பக்கமாக வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நான்கு ஆண்டுகள் ஃப்ளுவாக்ஸடின் சாப்பிட்டவள், அம்மாவுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் எடுத்துக் கொடுத்தவள், தம்பி எஸ்சிட்டலோப்ராமுக்கு மாறியபோது பக்கத்தில் இருந்தவள். எது வலுவானது என்று எல்லோரும் கேட்கிறார்கள். டப்பாவில் ஏற்கெனவே இருக்கும் மற்ற மாத்திரைகளோடு எது சண்டை போடாது என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் முதல் கேள்வி அதுதான்.

அதற்கு முன்னால் பெயர்க் குழப்பம். அம்மாவுக்குக் கால் எரிச்சல், சர்க்கரையால் வந்தது. ஓரிடத்தில் அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வேறோர் இடத்தில் தூக்கத்துக்கு இன்னொன்று எழுதினார்கள். பெட்டியின் நிறம் வேறு, பெயர் வேறு. இரண்டுக்குள்ளும் இருந்தது அமிட்ரிப்டிலின். ஒன்பது நாள் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். வாய் காய்ந்தது, மலம் கட்டியது, பத்தாம் நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தார். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயர்தான் நாம் படிக்க வேண்டியது. இதே மாதிரிப் பொறி பியூப்ரோபியானிலும் உண்டு. வெல்பியூட்ரின் என்ற பெயரில் அது மனச்சோர்வு மருந்து, ஸைபான் என்ற பெயரில் புகை விடுவதற்கான மருந்து. இரண்டையும் சேர்த்து எடுத்தால் வலிப்பு வரும் ஆபத்து கூடும்.

கம்பெனிப் பெயர் மருந்தா, அதே மூலப்பொருளை வேறு கம்பெனி செய்து விற்கும் ஜெனரிக்கா என்ற வழக்கை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். தென்னாப்பிரிக்காவில் 2003 முதல், விலை குறைந்த ஜெனரிக் இருந்தால் மருந்தாளுநர் அதை நமக்குச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் சீட்டில் மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தால் விலக்கு உண்டு. நான் ஜெனரிக் பக்கம். ஆனால் வயதானவர்களுக்கு மாதா மாதம் ஒரே ஜெனரிக்கைக் கேட்டு வாங்குங்கள். போன மாதம் பச்சை, இந்த மாதம் வெள்ளை என்றால் அம்மாவுக்கு நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கும்.

இனி நேருக்கு நேர். அமிட்ரிப்டிலின் மூத்தது, 1961 முதல் சந்தையில் இருக்கிறது. நரம்பு எரிச்சலுக்கு 10 அல்லது 25 மில்லிகிராம் போதும், தூக்கமும் வரும், விலையும் குறைவு. மனச்சோர்வுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். வாய் வறட்சியும் மலச்சிக்கலும் சிறுநீர் தடைபடுவதும் எழுந்து நின்றால் தலைசுற்றுவதும் அந்த அளவில்தான் கடுமையாகின்றன. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல. அதைவிடப் பெரிய குறை, அளவு மீறினால் உயிரை எடுக்கும். ஃப்ளுவாக்ஸடின், செர்ட்ரலின் போன்ற பிந்தைய வகை மனச்சோர்வு மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. வாழ்வே வேண்டாம் என்று பேசும் ஒருவர் இருக்கும் வீட்டில், அல்லது எதையும் வாயில் போடும் குழந்தை இருக்கும் வீட்டில், ஒரு மாதத்துக்கான அமிட்ரிப்டிலினைத் திறந்த டப்பாவில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அப்படி யாராவது பேசினால் மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 0800 567 567 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், உடனே மருத்துவமனைக்கும் போகலாம்.

ஃப்ளுவாக்ஸடின், புரோஸாக் என்ற கம்பெனிப் பெயரில் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காலையில் 20 மில்லிகிராம். அதன் குணமே மெதுவாக வெளியேறுவது. உடலில் அது மாறி உருவாகும் பொருள் பாதியாகக் குறையவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஒரு நாள் மறந்தாலும் உடல் கண்டுகொள்ளாது. என்னைப் போன்ற மறதிக்காரிக்கு இது வரம். செர்ட்ரலின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 26 மணி நேரம். இன்னொரு மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சின் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். ஒரு வேளை தவறினாலே சிலருக்கு மண்டைக்குள் மின்சாரம் சுண்டியது போலிருக்கும். ரத்த அழுத்தமும் ஏறலாம். எங்கள் தெருவில் அழுத்த மாத்திரை இல்லாத டப்பா அரிது என்பதால் வென்லாஃபாக்சினுக்கு இதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

ஃப்ளுவாக்ஸடினின் அதே வரம் புரட்டாசியில் சாபமாகும். இங்கே தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதம் முழுவதும் மாமிசத்தைத் தொடுவதில்லை. ஃப்ளுவாக்ஸடின் பெரும்பாலும் கேப்சூலாக வருகிறது, கேப்சூலின் கூடு வழக்கமாக மிருகங்களிலிருந்து எடுத்த ஜெலட்டின். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இதைத் தெரிந்துகொண்ட அன்றே, யாரிடமும் சொல்லாமல், மாதம் முழுவதற்கும் நிறுத்திவிட்டாள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீர்களா அக்கா, மருந்து தேவையே இல்லை" என்று என்னிடமே சொன்னாள். பழைய மருந்து இன்னும் உடலில் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. தீபாவளிக்குப் பலகாரம் சுட எழுந்திருக்கக்கூட முடியாமல் படுத்துவிட்டாள். விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே மருந்தாளுநரிடம் கேட்டிருந்தால், நீரில் கரையும் மாத்திரையோ, மருத்துவர் ஒப்புதலோடு செர்ட்ரலின் மாத்திரையோ கிடைத்திருக்கும்.

ஃப்ளுவாக்ஸடின் இன்னொரு வகையிலும் கூட்டுக் குடித்தனத்துக்குச் சரிப்படாது. பல மருந்துகளைக் கரைக்கும் ஒரு கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும். சேர்ந்து எடுத்தால் அமிட்ரிப்டிலின் உடலில் தேங்கி அளவு ஏறும். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் தன் வேலையைச் செய்ய அந்த நொதி வேண்டும், அங்கேயும் இடைஞ்சல். செர்ட்ரலினும் சிட்டலோப்ராமும் இந்த விஷயத்தில் அடக்கமானவை. மாரடைப்பு வந்தவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் செர்ட்ரலின் பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்போக்குத் தொல்லை மட்டும் அதில் சற்று அதிகம்.

சிட்டலோப்ராமுக்கும் எஸ்சிட்டலோப்ராமுக்கும் உள்ள போட்டி எனக்குச் சிரிப்பைத் தரும். சிட்டலோப்ராம் என்பது இடக்கையும் வலக்கையும் போன்ற இரண்டு வடிவங்களின் கலவை. வேலை செய்யும் கையை மட்டும் பிரித்தெடுத்தால் எஸ்சிட்டலோப்ராம். இதில் 10 மில்லிகிராம் ஏறக்குறைய அதில் 20-க்குச் சமம். அரசு கிளினிக்கில் சிட்டலோப்ராம் வாங்கிக்கொண்டிருந்த தம்பி, புது வேலையில் மருத்துவக் காப்பீடு கிடைத்ததும் தனியார் மருத்துவரிடம் போய் மற்றதற்கு மாறினான். மருந்தில் வித்தியாசம் சிறிது, கௌரவத்தில் பெரிது. கவனிக்க வேண்டியது வேறு. இரண்டுமே அதிக அளவில் இதயத்தின் மின்துடிப்பை நீட்டக்கூடும், ஆகவே 60 வயது கடந்தவர்களுக்குச் சிட்டலோப்ராம் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சில எதிரிகள் உண்டு. வலிக்கு வாங்கும் டிரமடாலும் வறட்டு இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் சேர்ந்தால், மூளையில் செய்தி கடத்தும் பொருளான செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை என்பதால் நல்லது என்று நம்புகிறவர்கள் நிறைய. அதுவும் செரட்டோனினை ஏற்றும், அதோடு எச்.ஐ.வி. மருந்து, கர்ப்பத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் பலத்தைக் குறைத்துவிடும். மூலிகையையும் மருந்தாளுநரிடம் சொல்லுங்கள்.

பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், பக்க விளைவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, முதல் நாளே வந்துவிடும். பலர் பத்தாம் நாள் விட்டுவிடுவது இதனால்தான். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு, வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். விடும்போது மருத்துவர் சொல்லும் படிகளில் இறங்க வேண்டும்.

விழுந்த பிறகு அம்மாவை ஒரு மருத்துவரிடம் முழு டப்பாவோடு கூட்டிப்போனேன். அவர் ஒவ்வோர் அட்டையாக மேசையில் அடுக்கினார். அமிட்ரிப்டிலினைக் குறைத்து நிறுத்திவிட்டுச் செர்ட்ரலினைக் குறைந்த அளவில் தொடங்கினார். அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு ஓடுவதால், இரண்டும் சேர்ந்து முதியவர்களின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் என்று சொல்லி, இரண்டு வாரத்தில் ரத்தம் எடுக்கச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இது கூடு இல்லாத மாத்திரைதானே, டாக்டர்?" புரட்டாசிக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.