குடியாத்தத்தில் குழு லோன் வசூலும் ஒரு கடிதமும்

ஊரில் உங்கள் வீட்டு ஆட்கள் யாராவது குழு லோன் தவணை கட்ட முடியாமல் தவித்தால், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இந்த முறை குடியாத்தம் போய்வந்த பிறகு இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி பீடி சுற்றுகிறவர். சித்தப்பாவுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து தவணை நின்றுபோனது. நான் போயிருந்த அன்று ராத்திரி எட்டரை மணிக்கு வசூலுக்கு வந்த பையன் திண்ணையில் செருப்போடு உட்கார்ந்துகொண்டு, "கட்டாம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்கிறான். குழுவில் இருக்கிற மற்ற பெண்களையும் கூட்டி வந்து வாசலில் நிறுத்தியிருந்தான், ஒருத்தி கட்டாவிட்டால் அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதானே குழு லோன். சித்தி மடியில் பீடி இலை முறத்தை வைத்துக்கொண்டு தலையே நிமிரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

2022-இல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கென்று (குழு லோன் போன்ற சிறு கடன்களுக்கு) போட்ட விதிகளில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, உறவினர்களையோ கூட வேலை செய்கிறவர்களையோ தொந்தரவு செய்யக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. இதை அந்தப் பையனிடம் வாயால் சொன்னேன், அவன் காதிலேயே வாங்கவில்லை.

அப்புறம்தான் கடிதம். கடன் கணக்கு எண், அவன் வந்த தேதி, நேரம், பேசிய பேச்சு, எல்லாவற்றையும் சித்தி சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதினேன். இதுவரை கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று முழுக் கணக்கு வேண்டும், வருகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், மாதம் இவ்வளவுதான் இப்போதைக்கு முடியும் என்று கேட்டு சித்தி கையெழுத்துப் போட்டார். லோன் கொடுத்த கம்பெனியின் வேலூர் கிளையில் கொடுத்தால், "வாயால சொன்னா போதும் சார், லெட்டர் எதுக்கு" என்றார் அங்கிருந்தவர். நகலில் சீல் போடாமல் நகர மாட்டோம் என்று நின்றோம். அரை மணி நேரம் கழித்துப் போட்டார்கள். தலைமை அலுவலகத்துக்கு இன்னொரு நகலை தபாலில் அனுப்பினோம். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், ஒப்புகை வேண்டும் என்று கவுண்டரிலேயே கேளுங்கள். தபால் ஆபீஸ் அம்மா பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

நான் இருக்கிற நியூஜெர்சியில், வசூல் கம்பெனியின் முதல் நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் கடனை மறுத்து எழுதினால், ஆதாரம் அனுப்பும் வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும். 1977-லேயே வந்த மத்திய சட்டம். இந்தியாவில் அப்படி ஒரே கடிதத்தில் வசூல் நிற்காது. ஆனால் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, 14448-இல் விவரம் கேட்கலாம். அதற்கு சீல் வைத்த அந்த நகல்தான் ஆதாரம்.

ஒன்று மட்டும் கவனம். ரொம்பப் பழைய கடன் என்றால் "பாக்கி இருப்பது உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள், கடனுக்காக வழக்குப் போட இருக்கிற மூன்று வருடக் காலவரம்பு முடிவதற்குள் அப்படி எழுதிக் கொடுத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். 15100-இல் கூப்பிடலாம்.

கடிதத்துக்குப் பிறகு அந்தப் பையன் ராத்திரியில் வரவில்லை. பகல் பதினொரு மணிக்கு வருகிறான், நின்றபடி பேசிவிட்டுப் போகிறான். முழுக் கணக்கு இன்னும் வரவில்லை.

இதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். அவருடையது தண்டல் கடன், தனியாள் கொடுத்தது, ரிசர்வ் வங்கி விதி அங்கே உதவாது. 2003-இல் வந்த தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் மீட்டர் வட்டியும் பெயரோடு இருக்கின்றன, மூன்று வருடம் வரை சிறை. அதைக் குறிப்பிட்டு மனு எழுதி, திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க வைத்தேன். ரசீதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார், அடுத்து என்ன ஆகிறது என்று வாராவாரம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.