தீர்மானப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார்கள்: மண்டபத்தில் ஒரு நிர்வாகப் பயிற்சி

பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய பதிவுபெற்ற சங்கத்துக்கு நான் எட்டு ஆண்டுகளாகச் செயலாளர். தொண்டு நிறுவனப் பொறுப்பாளர்களுக்காக மதுரையிலிருந்து வந்த ஒரு பயிற்சி அமைப்பு பாம்பனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊரில் மூன்று நாள் நடத்திய நிர்வாகப் பயிற்சிக்கு நானும் எங்கள் கணக்கரும் போய்வந்தோம். தங்கலும் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு 2,400 ரூபாய். தேவிபட்டினம் முதல் வாலிநோக்கம் வரை எங்களைப் போன்ற சங்கங்களை நடத்துகிறவர்கள் சிலர் அடுத்த அணிக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வரும்போது கூட்ட முடிவுகளை எழுதும் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், ஒரு மாதச் செலவுச் சீட்டுகள் அடங்கிய வவுச்சர் கோப்பு மூன்றையும் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பணிநிறைவு பெற்ற தணிக்கையாளர் ஒருவர்தான் முதல் நாளை நடத்தினார். திரையில் எதையும் காட்டாமல், ஒவ்வொருவரும் தம் தீர்மானப் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிப் படிக்கும்படி சொன்னார். எங்கள் புத்தகம் கீழக்கரை அறக்கட்டளை ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் கைக்குப் போயிற்று. அவர் பத்து நிமிடம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "தம்பி, ஒரு வருசத்துக் கூட்டம் பூராவும் ஒரே பேனாவில, ஒரே மூச்சில எழுதின மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது உண்மை. கூட்டங்கள் நடந்தன, முடிவுகளும் எடுக்கப்பட்டன. ஆனால் தணிக்கைக்கு முந்திய மார்ச் மாதத்தில் ஒரே இரவில் உட்கார்ந்து அத்தனையையும் எழுதி முடித்தவன் நான்தான்.

அப்படி எழுதியதால் விட்டுப்போனது என்ன என்பது மதியத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. உலர்ந்த பாசி மூட்டைகளை ஏற்றிச் செல்ல எங்கள் தலைவரின் மைத்துனர் வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஊரில் எல்லோரும் கொடுக்கும் வாடகையைத்தான் கொடுத்தோம். யாரும் ஒரு ரூபாய் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் வேறு இருவரிடம் வாடகை விசாரித்ததும், அந்த முடிவை எடுக்கும்போது தலைவர் எழுந்து வெளியே போயிருந்ததும் புத்தகத்தில் எங்குமே இல்லை. நிறுவனர், அறங்காவலர், அவர்களுடைய உறவினர் ஆகியோருக்கு நியாயமான அளவுக்கு மேல் பயன் போனால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு பறிபோகக்கூடும் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொன்னதைத் தணிக்கையாளர் விளக்கினார். நேர்மையாகச் செய்த காரியத்துக்கே எங்களிடம் சான்று இல்லை என்பதை அந்த ஒரு வண்டி வாடகை வவுச்சர் எனக்குக் காட்டிற்று. இந்த ஒரு நாளுக்காகவே கொடுத்த பணம் தகும்.

சட்டப் பகுதியை வேகமாக நடத்தினாலும் தெளிவாக நடத்தினார்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மறுதேர்தல் என்ற பெயரில் அதே ஏழு பேர் இருபது ஆண்டு உட்கார்ந்திருப்பதைப் பற்றி அங்கே நடந்த பேச்சு மனத்தில் தங்கியது. "நீங்கள் ஆறு மாதம் படுக்கையில் விழுந்தால் காசோலையில் யார் கையெழுத்துப் போடுவார்?" என்ற கேள்விக்கு, வந்திருந்த நிறுவனர்களில் பெரும்பாலோரால் பதில் சொல்ல முடியவில்லை. கீழக்கரைப் பெரியவர்தான், தங்கள் வீடுகளில் இதற்கு அமானிதம் என்ற சொல் உண்டு, பாதுகாத்துத் திருப்பிக் கொடுப்பதற்காக ஒப்படைக்கப்பட்ட பொருள் அது, பொறுப்பும் அப்படிக் கைமாற வேண்டியதுதானே என்றார். பயிற்சியாளர் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவைத்தார். மூன்று நாளும் அது அழியாமல் இருந்தது.

பண விதிகளில் எங்களுக்கு நேரடியாக உதவியவை சில. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வரும் நன்கொடைக்கு, கொடுத்தவருக்கு 80ஜி பிரிவின் வரிச்சலுகை கிடையாது என்றார்கள். நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித்துறையின் 10பிடி படிவத்தில் மே 31க்குள் பதிவேற்ற வேண்டியிருந்தது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு அறப்பணிச் செலவாகக் கணக்கில் ஏறாது. கரையில் வள்ளத்து (நாட்டுப்படகு) வாடகை கையில் ரொக்கமாகவே கேட்கப்படும் என்று நான் சொன்னபோது, அதற்கென ஒரு தனி ஏடு வைத்து வள்ளக்காரரிடம் அன்றன்றே கையெழுத்து வாங்கும் முறையைப் படிவத்தோடு கொடுத்தார்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்தையும் பொறுமையாக விளக்கினார்கள். வெளிநாட்டுப் பணத்தைப் பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரக் கூடாது என்று ஆனதும், பெரிய நிறுவனங்கள் வழியாக நிதி பெற்றுவந்த சிறிய சங்கங்களுக்கு அந்த வழி அடைபட்டது. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்ததால், கணக்கர் ஒருவரை வைத்துக்கொள்வதே பலருக்குச் சுமையாகிவிட்டது. ஒழுங்கான கணக்கைக் கேட்டுக்கொண்டே கணக்கருக்கு ஆகும் செலவைக் குறைக்கச் சொல்வது எந்த வகையில் பொருந்தும் என்ற வருத்தம் எனக்கு இன்னமும் இருக்கிறது.

இரண்டாம் நாள் பிற்பகல், அறிக்கைகளில் போடும் புகைப்படங்களைப் பற்றிய அமர்வு. தங்கச்சிமடத்திலிருந்து வந்திருந்த களப்பணியாளர் ஒருவர், முன்பு தாமே பாசிக்குப் போனவர், எழுந்து நின்றார். ஈரச்சேலையோடு கரையேறி வரும்போது ஒரு நிறுவனத்தார் தம்மைப் படம் எடுத்ததாகவும், பிறகு அதை ஓர் ஆண்டறிக்கையின் அட்டையில் பார்த்ததாகவும் சொன்னார். "அன்னைக்கு நான் ஒரு மூட்டை மரிக்கொழுந்துப் பாசி எடுத்துட்டுச் சந்தோசமா வந்தேன். படத்துக்குக் கீழ கண்ணீரில் வாழும் பெண்ணுன்னு எழுதியிருந்தாங்க." அவர் உட்கார்ந்த பிறகு யாரும் பேசவில்லை. பயிற்சியாளரும் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாமல், எல்லோருக்கும் தாள் கொடுத்து, படம் எங்கே பயன்படும், எத்தனை காலத்துக்கு, கீழே என்ன எழுதப்படும், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது என்பதைப் படம் எடுக்கப்படுபவருக்குப் புரியும் தமிழில் எழுதச் சொன்னார். அன்று எழுதிய தாளைத்தான் இப்போது எங்கள் சங்கத்தில் ஒப்புதல் படிவமாக வைத்திருக்கிறோம்.

மூன்றாம் நாள் தலைமைப் பண்பு. பயிற்சியின் பலவீனமான பகுதி இதுதான். வேறொருவர் வந்து, பெரிய கம்பெனிகளை நடத்தியவர்களின் குணங்களைப் பட்டியலிட்டுப் பேசினார். நல்ல பேச்சுதான், ஆனால் எங்கள் யாருடைய வேலையிலும் அது ஒட்டவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் பாம்பன். அங்கே சின்னப்பாலத்துப் பெண்கள் செய்து காட்டியதை ஒருவரும் சொல்லவில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின் பாசிக்குப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் ஓயாத உரசல். அந்த நெருக்கடிக்குள்தான் அவர்கள் கூட்டமைப்பாகத் திரண்டு, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விடுவது, விசைப்படகுத் தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் கடலுக்குள் இறங்காமல் இருப்பது என்று தமக்குத் தாமே ஒழுங்கு வகுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களை வழிநடத்திய லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. சம்பளம், பதவி, தண்டிக்கும் அதிகாரம் எதுவுமே இல்லாத ஒருவர், அன்றாடக் கூலியை விட்டுக்கொடுக்கும்படி மற்றவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பதை ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அந்த நாள் முழுமை பெற்றிருக்கும்.

வேறு மூன்று குறைகள். பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கால் மணி நேரம்தான் ஒதுக்கினார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எத்தனையோ நிறுவனங்களில் புகாரை விசாரிக்க வேண்டிய உள்ளகக் குழுவே இல்லாத நிலையில் அது போதாது. இரண்டாவது, தேதி. பெண்கள் பாசிக்குப் போகும் நாட்களிலேயே பயிற்சியை வைத்ததால், எங்கள் செயற்குழுவில் இருக்கும் பாசி எடுக்கும் பெண்கள் இருவரும் மூன்று நாள் வருமானத்தை விட்டு வர முடியவில்லை. மூன்றாவது, கையேடு ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தது போலவே இருந்தது. இம்மூன்றையும் பயிற்சி அமைப்புக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த அணிக்குத் தேதி குறிக்கும் முன் எங்களிடம் கேட்பதாகப் பதில் வந்திருக்கிறது.

திரும்பி வந்ததும் மூன்று மாத வரவு செலவை எழுதி வலைக்கொட்டகைச் சுவரில் ஒட்டினோம். கோயில் திருவிழா முடிந்ததும் ஊருக்கு முன்னால் கணக்கு வாசிப்பது இங்கே பழைய வழக்கம். சங்கத்தின் கணக்கை மட்டும் நாங்கள் அப்படி வைத்ததே இல்லை. படிக்கத் தெரியாத ஓர் அக்கா, எட்டாம் வகுப்பில் படிக்கும் தன் மகளை வாசிக்கச் சொன்னார். அந்தப் பிள்ளை வண்டி வாடகை, கண்ணாடி, கையுறை என்று ஒவ்வொன்றாக வாசித்து வந்து, 'நிர்வாகச் செலவு' என்ற வரியில் நின்று, "இது என்னது?" என்று கேட்டாள். அதை விளக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அடுத்த முறை ஒட்டிய தாளில் அந்த வரியை எடுத்துவிட்டு, அலுவலக வாடகை, கரண்ட் பில், கணக்கர் சம்பளம் என்று மூன்று வரியாக எழுதியிருக்கிறோம்.