மாரிக்கு முன் ‘குளத்து மண்’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு (திருகோணமலை)

புரட்டாதி பிறந்தால் தோட்டத்துக்கு மண் விற்கிறவர்கள் படலை படலையாக வந்து நிற்பார்கள். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணல் வளவுகள். அதனால் கறுப்பாக எதைக் காட்டினாலும் வாங்க ஆள் உண்டு. எங்கள் வளவில் இறக்கிய டிப்பர் மண்ணும் அப்படி வந்ததுதான். “குளத்து வண்டல் அக்கா, எருவே தேவையில்லை” என்று சொல்லி விற்றது வயல் களி.

டிப்பர் பெட்டியின் மேலே ஒரு சாணுக்கு மட்டும் பொலபொலவென்று நல்ல மண் பரப்பியிருந்தது. கொட்டிய பிறகு வெட்டினால் உள்ளே சாம்பல் நிறக் கட்டி, அதில் துருப்போலச் செம்புள்ளிகள். அது மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்ற மண்ணின் அடையாளம். கட்டியை உடைத்து மணந்தால் கூழ்முட்டை நாற்றம் வரும். காற்றே போகாத மண் அப்படித்தான் மணக்கும்.

“கீழே மணல்தானே, தண்ணி தன்பாட்டில வடிஞ்சிடும்” என்பது அவர்களுடைய அடுத்த கதை. நடப்பது நேர்மாறு. களியின் நுண்ணிய துளைகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மணலின் பெரிய துளைகளுக்கு அதை இழுக்கிற வலு இல்லை. களி முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் கீழே சொட்டத் தொடங்கும். ஆகவே மணலுக்கு மேல் 6 அங்குலக் களி பரப்பினால், அந்த 6 அங்குலமும் மாரி முழுக்க ஊறியபடியே கிடக்கும். வேர் இருப்பதும் அதற்குள்தான். மிளகாயும் தக்காளியும் இரண்டு நாள் மூச்சு முட்டினாலே வேர் அழுகத் தொடங்கும்.

ஈர மண்ணில் நிற்கிற கன்று வாடும்போது பலர் யூரியா போடுகிறார்கள். தண்ணீர் நிற்கிற மண்ணில் அந்த நைதரசனில் பெரும்பகுதி வாயுவாகப் பறந்துவிடும், காசுதான் நட்டம். முதலில் வாடலின் காரணத்தைப் பாருங்கள். தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீர்க் கிளாசில் வெட்டுவாய் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல நூல் நூலாக இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் திரும்ப நடக்கூடாது. ஒன்றும் இறங்காமல், வேர் மட்டும் பழுப்பாக நைந்து தோல் கழன்றால், குற்றம் தண்ணீருடையது.

விற்றவரிடம் முறையிட்டபோது வந்த பதில்: “அரை லோட் மணல் கலந்தா சரியாகிடும்.” இது இரண்டாவது ஏமாற்று. களியில் கொஞ்ச மணல் கலந்தால் இன்னும் இறுகும்; பாதிக்கு மேல் மணலாக இருந்தால்தான் மாற்றம் தெரியும். அதுவும் கடற்கரை மணல் என்றால் உப்பையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

வாங்க முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. மண்ணைக் குழைத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாடாவாகத் தள்ளுங்கள். 5 சென்ரிமீற்றருக்கு மேல் அறாமல் நீண்டால் களி, 2.5க்குள் அறுந்தால் தோட்டத்துக்கு ஆகும். உப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சிரட்டையில் அந்த மண்ணும் இன்னொன்றில் உங்கள் மண்ணும் போட்டு, அடியில் துளையிட்டு, பத்துப் பத்துப் பயறு ஊன்றுங்கள். உங்கள் மண்ணில் முளைத்து விற்கிற மண்ணில் முளைக்காவிட்டால், அல்லது இலை ஓரம் கருகினால், அந்த மண் வேண்டாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் களப்போரத்தில் வெட்டுகிற மண்ணுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அளவிலும் விளையாடுவார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. பெட்டியின் உள் நீளம், அகலம், மண் நிற்கிற உயரம் மூன்றையும் அளந்து பெருக்குங்கள்; 10 அடி, 6 அடி, ஒன்றரை அடி என்றால் 90தான். 20 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரப் பாத்திக்கு 80 கன அடி போகும். மண் அமரும் என்பதால் ஒரு கியூப் சொல்லலாம்.

ஏற்கெனவே கொட்டியாயிற்று என்றால், ஈரத்தில் கொத்தாதீர்கள், கட்டியாகிவிடும். உருட்டிய உருண்டை விரலால் அழுத்த உதிர்கிற பதம் வரட்டும். களியைச் சுரண்டிப் படலையோரம் குவித்துவிட்டு, வளவின் மணலையே இழுத்து 1 அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, மேலே 3 அங்குலம் மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு கலவுங்கள். பாத்திகளுக்கு இடையே ஓர் அடி வாய்க்கால், 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு. வாய்க்காலின் கடைசி திறந்திருக்க வேண்டும். வேலியோடு முட்டி நின்றால் அது குட்டை. மாரியில் கிணற்று நீர் மேலே ஏறுகிற வளவுகளில் எந்த மண் போட்டாலும் உயரம்தான் காப்பாற்றும். குவித்த களியை வீணாக்க வேண்டாம், கங்குன் கீரை அதில் நன்றாக வரும். மிளகாய், தக்காளி நாற்றை மழை ஓய்ந்த பிறகு, தையில் நடலாம்.

களியோடு வந்த கோரையை மட்டும் விட்டுவைக்காதீர்கள். புல்லைப் பிடுங்கினால் கருமணி போன்ற கிழங்கு மண்ணுக்குள் நின்று திரும்ப முளைக்கும். மண்வெட்டியால் நறுக்கினால் இன்னும் பெருகும். மண் கிளறுகிற முள்ளுக்கரண்டியால் கிளறிக் கிழங்கோடு எடுத்து வெயிலில் காயவிடுங்கள்.

பற்றுச்சீட்டில் மண்ணின் பெயரையும் கியூப் கணக்கையும் எழுதி வாங்குங்கள். அது கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். மீதிக் காசை, குவியலை நாலு இடத்தில் அடிவரை வெட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். டிப்பர்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.